‘சொல்ல மாட்டேன்’ என்று சொல்லாதீர்கள்

2017-ல் பீகார் அரசு, தன் மாநிலத்துக் காப்பகங்களையும் தங்கும் இல்லங்களையும் நேரில் பார்த்து சமூகத் தணிக்கை செய்து தரும்படி மும்பை டாடா சமூக அறிவியல் நிறுவனத்தைக் கேட்டுக்கொண்டது. அந்த நிறுவனத்தின் ‘கோஷிஷ்’ குழுவினர் 110 இல்லங்களுக்குப் போனார்கள். பதிவேடு, சமையலறை, கழிவறை எல்லாவற்றையும் பார்த்ததோடு, பிள்ளைகளுடன் உட்கார்ந்து பேசவும் செய்தார்கள். முசாபர்பூரில் இருந்த பெண் குழந்தைகள் இல்லத்தில், சாப்பாட்டு நேரம் தவிர மற்ற நேரங்களில் பிள்ளைகள் அறைக்குள்ளேயே பூட்டி வைக்கப்பட்டிருந்தார்கள். பேசக் கிடைத்த அந்தச் சிறிது நேரத்தில், தங்களுக்கு என்ன நடக்கிறது என்பதைச் சில சிறுமிகள் சொல்லிவிட்டார்கள்.

அதிகாரிகள் பலமுறை வந்து பார்வையிட்டுக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போன இல்லம் அது. சமூகப்பணியாளர்கள் கேட்டதை அறிக்கையில் எழுதினார்கள். 2018 மே 31-ல் முதல் தகவல் அறிக்கை பதிவானது. மருத்துவப் பரிசோதனையில் 34 சிறுமிகள் பாலியல் கொடுமைக்கு ஆளானது உறுதியானது. உச்ச நீதிமன்றம் வழக்கை டெல்லிக்கு மாற்றியது. 2020 ஜனவரியில் 19 பேர் குற்றவாளிகள் என்று தீர்ப்பு வந்தது. இல்லத்தை நடத்திய பிரஜேஷ் தாகூருக்கு ஆயுள் முழுவதும் சிறை. தண்டனை பெற்றவர்களில் மாவட்டக் குழந்தைகள் நலக் குழுவின் தலைவரும், குழந்தைகள் பாதுகாப்பு அலுவலரும் இருந்தார்கள். காப்பதற்கென்றே சம்பளம் வாங்கியவர்கள்!

அந்த 19 பேரில் இன்னொருவர், குழந்தைகள் பாதுகாப்பு அலகின் முன்னாள் உதவி இயக்குநர். அவர் மீது நிரூபணமான குற்றம் ஒன்றுதான்: தெரிந்தும் சொல்லவில்லை. அதற்கு ஆறு மாதச் சிறை. இந்தியாவில் சமூகப்பணி என்ற தொழிலில் இருக்கும் ஒவ்வொருவரும் அந்த ஒரு தண்டனையை மட்டுமாவது உட்கார்ந்து யோசித்துப் பார்க்க வேண்டும்.

இதை பீகாரின் கதை என்று நாம் ஒதுக்கிவிடவும் முடியாது. இந்தியாவின் குழந்தைகள் இல்லங்களில் சமூகத் தணிக்கை நடத்த வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2017 மே மாதம் உத்தரவிட்டதே, அந்த வழக்கின் பெயரிலேயே தமிழ்நாடு இருக்கிறது. மாமல்லபுரம் பகுதி அநாதை இல்லங்களைப் பற்றி 2007-ல் வந்த ஒரு பத்திரிகைச் செய்திதான் அந்த வழக்கின் தொடக்கம்.

‘எந்த நபரும்’

2012-ல் வந்த போக்சோ சட்டத்தின் 19-ம் பிரிவு, ஒரு குழந்தை மீது பாலியல் குற்றம் நடந்திருப்பதாகத் தெரிந்தால், அல்லது நடக்கக்கூடும் என்ற அச்சம் இருந்தால், ‘எந்த நபரும்’ காவல் துறைக்குத் தகவல் சொல்ல வேண்டும் என்கிறது. மருத்துவர், ஆசிரியர், பக்கத்து வீட்டுக்காரர் என்று யாருக்கும் விலக்கு இல்லை. நடந்தது தெரிந்தும் சொல்லாமல் இருந்தால் 21-ம் பிரிவின்படி ஆறு மாதம் வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். ஒரு நிறுவனத்தின் பொறுப்பில் இருப்பவர், தனக்குக் கீழே இருப்பவர் செய்த குற்றத்தைச் சொல்லாமல் மறைத்தால் ஓராண்டு வரை சிறை. நல்லெண்ணத்தோடு தகவல் சொன்னவர் மீது சிவில் வழக்கோ கிரிமினல் வழக்கோ போட முடியாது என்ற பாதுகாப்பும் அதே 19-ம் பிரிவில் இருக்கிறது. தண்டனையைப் பற்றித் தெரிந்த அளவுக்கு இந்தப் பாதுகாப்பைப் பற்றிக் களத்தில் பலருக்குத் தெரிவதில்லை.

சமூகப்பணிப் படிப்பில் முதல் பருவத்திலேயே மனதில் பதியவைக்கும் பாடம் ரகசியம் காத்தல். நம்பி வந்தவர் சொன்னதை வெளியே விடக் கூடாது. அது தொழிலின் உயிர்நாடி. அதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை. ரகசியம் காக்கும் ஒரே ஒரு ஆளுக்காகக் காத்திருந்துதான் பல பிள்ளைகள் வாயைத் திறக்கிறார்கள். ஆனால், அந்த ஆளைச் சட்டம் ‘நீ போய்ச் சொல்’ என்கிறது. இந்த இரண்டுக்கும் நடுவே நிற்கும் ஆற்றுப்படுத்துநர் என்ன செய்வார்?

பெரும்பாலும் தவறு நடப்பது சொல்வதா வேண்டாமா என்ற அந்த நெருக்கடியான நேரத்தில் இல்லை. முதல் ஐந்து நிமிடத்தில் நடந்துவிடுகிறது. தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருக்கும் பிள்ளையிடம், பேசவைக்க வேண்டும் என்ற ஆசையில், “எதுவா இருந்தாலும் என்கிட்ட சொல்லு, நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்” என்று சொல்லிவிடுகிறோமே, அங்கேதான். அன்பினால் சொல்லும் வார்த்தைதான். ஆனால், காப்பாற்றவே முடியாத வாக்கு அது. பிள்ளை அதை நம்பிச் சொல்கிறது. மறுநாள் வீட்டு வாசலில் போலீஸ் நிற்கிறது. ஏற்கெனவே ஒரு பெரியவரால் ஏமாற்றப்பட்ட பிள்ளை, இரண்டாவது பெரியவரிடமும் ஏமாறுகிறது. அதன் பிறகு விசாரணையில் அது வாய் திறக்கவில்லை என்றால் குறை சொல்ல யாருக்கு உரிமை இருக்கிறது?

பழுத்த அனுபவம் உள்ள ஆற்றுப்படுத்துநர்கள் முதலிலேயே வேறு மாதிரி பேசுவார்கள். பெயர், வகுப்பு, என்ன பிடிக்கும் என்றெல்லாம் கேட்டு முடித்ததும் இப்படி வரும்: “நீ சொல்றது பெரும்பாலும் நமக்குள்ளதான்மா இருக்கும். ஆனா உன்னை யாராவது அடிக்கிறாங்க, தப்பா தொடுறாங்க, இல்ல நீயே உன்னை ஏதாவது பண்ணிக்கப் போறேன்னு எனக்குத் தெரிஞ்சா, அதை நான் எனக்குள்ள மட்டும் வெச்சுக்க முடியாது. உன்னைக் காப்பாத்தறதுக்காக இன்னொருத்தர்கிட்ட சொல்லுவேன். யார்கிட்ட சொல்லப்போறேன்னு முதல்ல உன்கிட்ட சொல்லிட்டுத்தான் சொல்லுவேன்.”

இதைச் சொன்னால் பிள்ளை பேசாமல் போய்விடாதா என்று இளம் பணியாளர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்வி. சில பிள்ளைகள் அன்றைக்குப் பேசாமல் எழுந்து போகவும் செய்வார்கள். ஆனால், ‘இவங்க உள்ளதைச் சொல்றாங்க’ என்ற ஒரு எண்ணத்தோடு போவார்கள். திரும்பி வருவதற்கு அந்த எண்ணம் வேண்டும்.

“ஸ்டேஷனுக்குப் போகணுமா?” என்பதுதான் பிள்ளையின் முதல் பயம். இதற்குப் பதில் தெரியாத சமூகப்பணியாளர் அந்த நாற்காலியில் உட்காரவே கூடாது. பிள்ளையின் வாக்குமூலத்தை அதன் வீட்டிலோ, அது கேட்கும் இடத்திலோ பதிவுசெய்யலாம். கூடியவரை சப்-இன்ஸ்பெக்டர் பதவிக்குக் குறையாத பெண் அதிகாரி வர வேண்டும். சீருடையில் வரக் கூடாது. பெற்றோரோ, பிள்ளை நம்பும் வேறு ஒருவரோ கூட இருக்கலாம். இரவு நேரத்தில் எந்தக் காரணத்துக்காகவும் பிள்ளையைக் காவல் நிலையத்தில் வைத்திருக்கக் கூடாது. சாட்சி சொல்லும்போது குற்றம்சாட்டப்பட்டவர் கண்ணில் படாதபடி நீதிமன்றம் பார்த்துக்கொள்ள வேண்டும். இவை எல்லாமே சட்டத்தில் எழுதியிருப்பவை. ஒவ்வொன்றையும் பிள்ளைக்குப் புரியும் மொழியில் சொல்லி, சொன்னபடி நடக்கிறதா என்று கூடவே இருந்து பார்ப்பது சமூகப்பணியின் பாகம்.

பதினாறும் பதினேழும்

இதுவரை சொன்னதில் மனக்குழப்பத்துக்கு அதிக இடமில்லை. குழப்பம் இனிமேல்தான் வருகிறது.

அரசு மருத்துவமனைக்கு வயிற்றுவலி என்று ஒரு பதினேழு வயதுப் பெண்ணை அவள் அம்மா அழைத்துவருகிறார். கர்ப்பம் என்று தெரிகிறது. பையனுக்குப் பத்தொன்பது வயது. ‘விரும்பித்தான் பழகினோம், அவன் மேல கேஸ் வேண்டாம்’ என்று பெண் அழுகிறாள். ‘வெளியே தெரிஞ்சா குடும்பத்தோட சாகணும்’ என்கிறார் அம்மா. மருத்துவ சமூகப்பணியாளர்களைக் கேட்டால் இப்படி ஒரு கேஸ் பார்த்ததில்லை என்று சொல்பவர் அபூர்வம். பதினெட்டு வயதுக்குக் கீழே சம்மதம் என்பதைச் சட்டம் கணக்கில் எடுப்பதில்லை. தகவல் சொல்லியே ஆக வேண்டும்.

இந்த இடத்தில் சட்டம் பிள்ளைகளைக் காக்கிறதா, நசுக்குகிறதா என்ற கேள்வியை நீதிமன்றங்களே எழுப்பியிருக்கின்றன. 2021 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி என்.ஆனந்த் வெங்கடேஷ், இப்படிப்பட்ட ஒரு காதல் வழக்கில் இளைஞர் மீதான குற்ற நடவடிக்கையை ரத்து செய்தார். விடலைப் பருவத்துக் காதலர்களைத் தண்டிப்பது இந்தச் சட்டத்தின் நோக்கம் இல்லை என்று சொன்னார். 2022 டிசம்பரில் தமிழ்நாடு டி.ஜி.பி., இருவரும் விரும்பிப் பழகிய வழக்குகளில் அவசரப்பட்டுக் கைதுசெய்ய வேண்டாம் என்று சுற்றறிக்கை அனுப்பினார். 2023-ல் சட்ட ஆணையம், சம்மத வயதைக் குறைக்க வேண்டாம், 16 முதல் 18 வரையிலான வழக்குகளில் நீதிபதிக்கு விருப்புரிமை தரலாம் என்றது. சட்டத்தின் எழுத்து இன்னும் மாறவில்லை.

ஒரு வழியை உச்ச நீதிமன்றம் திறந்துவிட்டது. கருக்கலைப்பு உரிமை பற்றிய 2022 செப்டம்பர் 29 தீர்ப்பில், மைனர் பெண்ணும் அவள் காப்பாளரும் கேட்டுக்கொண்டால், பதிவுபெற்ற மருத்துவர் போக்சோ தகவலைச் சொல்லும்போது அவளுடைய பெயர், அடையாளம் ஆகியவற்றை வெளியிட வேண்டியதில்லை என்றது. போலீஸுக்குப் பயந்து கைவைத்தியத்துக்கும் போலி மருத்துவரிடமும் ஓடும் பெண்களின் உயிரை நினைத்துச் செய்த காரியம் அது. ஆனால், அந்தச் சலுகை மருத்துவரின் பெயரில் இருக்கிறது. அவளோடு ஒரு மணி நேரம் உட்கார்ந்து, எல்லாவற்றையும் கேட்டு, கேஸ் ஷீட்டில் எழுதும் சமூகப்பணியாளரைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை.

இதில் என் நிலைப்பாட்டைச் சொல்லிவிடுகிறேன். இன்றைய சட்டப்படி சமூகப்பணியாளர் தகவலைச் சொல்லத்தான் வேண்டும். ‘பாவம், காதலிக்கிறாங்க’ என்று தானே நீதிபதி ஆகிவிடக் கூடாது. காதல் என்ற சொல்லுக்குப் பின்னால் மிரட்டலும் வீடியோவும் ஒளிந்திருப்பது உண்டு. அதை ஒரு மணி நேரப் பேச்சில் கண்டுபிடித்துவிட முடியும் என்று யாரும் நினைக்க வேண்டாம். அதே நேரம், விரும்பித்தான் பழகினேன் என்று பெண் சொன்னதை அவள் வார்த்தையிலேயே பதிவுசெய்து குழந்தைகள் நலக் குழுவின் முன் வைப்பதும் அவருடைய கடமை. சாதி மாறிக் காதலித்த பெண்ணை வழிக்குக் கொண்டுவரக் குடும்பங்கள் போக்சோவைக் கையில் எடுக்கும் ஊர் இது. அந்தப் பெண்ணைத் திரும்ப வீட்டுக்கே அனுப்பினால் அவள் உயிருக்கு என்ன ஆகும் என்ற கேள்வியைக் குழு முன்னால் எழுப்ப, பல நேரம் சமூகப்பணியாளரை விட்டால் வேறு ஆள் இருப்பதில்லை.

வயது வந்தவர் கதை வேறு

குழந்தை விஷயத்தில் ‘சொல்ல வேண்டும்’ என்று பழகிய கை, வயது வந்த பெண்களின் விஷயத்திலும் அப்படியே எழுதப் போய்விடுகிறது. அங்கே சட்டத்தின் போக்கு வேறு. 2005 குடும்ப வன்முறைச் சட்டத்தில், வன்முறை நடப்பதாகத் தெரிந்தவர் பாதுகாப்பு அலுவலருக்குத் தகவல் சொல்லலாம். சொல்லியே தீர வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. முப்பது வயதுப் பெண் ‘இப்போதைக்கு வேண்டாம் மேடம், பொண்ணு பரீட்சை முடியட்டும்’ என்றால், அந்த முடிவு அவளுடையது. அவளுக்கு இருக்கும் வழிகளைச் சொல்வது, ஆபத்து வந்தால் யாரைக் கூப்பிட வேண்டும் என்று எழுதிக்கொடுப்பது, திரும்ப வரும்போது முகம் கோணாமல் இருப்பது இவ்வளவும் நம் வேலை. அவள் சார்பில் நாமே முடிவெடுப்பது நம் வேலை இல்லை.

2018-ல் நடைமுறைக்கு வந்த எச்.ஐ.வி. சட்டம் இன்னும் நுணுக்கமானது. பரிசோதனைக்கும் ஆலோசனைக்கும் நம்பிக்கை மையத்துக்கு வருபவரின் எச்.ஐ.வி. நிலையை அவர் சம்மதம் இல்லாமல் வெளியிடக் கூடாது. இணையருக்குத் தொற்றும் அபாயம் உண்மையாகவே இருந்து, ஆலோசனை சொல்லியும் அவர் இணையரிடம் சொல்லப்போவதில்லை என்று தெரிந்தால், மருத்துவரோ ஆலோசகரோ இணையருக்குச் சொல்லலாம். ஆனால், சொன்னால் அவருக்கு, குறிப்பாக அவர் பெண்ணாக இருந்தால், அடி விழும், வீட்டை விட்டுத் துரத்துவார்கள் என்ற அச்சம் இருந்தால் சொல்லக் கூடாது. ஒரே பிரிவுக்குள் ஒரு அனுமதியும் அதற்கு ஒரு தடையும். சட்டம் எழுதியவர்கள் களத்தைப் பார்த்துவிட்டு எழுதியிருக்கிறார்கள் என்று இங்கே தோன்றுகிறது.

போட்டோ எடுக்கும் கை

ரகசியம் என்றதும் பெரிய பெரிய விஷயங்களையே நினைக்கிறோம். அன்றாடம் மீறப்படுவது செல்போனில். இல்லத்துக்குப் பிறந்தநாள் கொண்டாட வருபவர், கேக்கை நீட்டிக்கொண்டு பிள்ளைகளோடு படம் எடுத்து முகநூலில் போடுகிறார். நிறுவனமே ஆண்டறிக்கையில் பிள்ளையின் முகம், பெயர், ‘தந்தை குடிகாரர், தாய் விட்டுச் சென்றார்’ என்ற வரி எல்லாவற்றையும் வண்ணத்தில் அச்சடிக்கிறது. நன்கொடையாளர் கண்ணில் நீர் வர வேண்டுமாம்.

இளைஞர் நீதிச் சட்டத்தின் 74-ம் பிரிவு, பாதுகாப்பு தேவைப்படும் குழந்தையின் பெயர், முகவரி, பள்ளி, படம் என்று அடையாளம் காட்டும் எதையும் வெளியிடத் தடை விதிக்கிறது. மீறினால் ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். ‘நல்லதுக்குத்தானே போட்டோம்’ என்பது அதற்குப் பதில் ஆகாது. அந்தப் பிள்ளை நாளைக்குக் கல்லூரிக்குப் போகும், கல்யாணம் செய்துகொள்ளும். அப்போதும் இணையத்தில் அந்தப் படம் இருக்கும். முகத்தை மங்கலாக்கிவிட்டுப் பள்ளிச் சீருடையை அப்படியே விட்டிருக்கும் படங்களைப் பார்க்கும்போது கோபம்தான் வருகிறது.

கேஸ் ஃபைல் விஷயமும் இதே கதிதான். பூட்டில்லாத அலமாரி, பொதுவில் வைத்திருக்கும் கணினி, வாட்ஸ்அப் குழுவில் பறக்கும் வழக்கு விவரம். பிள்ளை சொன்னதைப் பிள்ளை சொன்ன வார்த்தையில், தேதி, நேரம் போட்டு எழுத வேண்டும். நம் ஊகத்தைத் தனியாக, ஊகம் என்று குறிப்பிட்டு எழுத வேண்டும். நாளை அந்தத் தாள் நீதிமன்றத்தில் வாசிக்கப்படலாம்.

கவசம் இல்லாத பணி

அமெரிக்காவில், இல்லினாய் மாநிலத்தில் காவல் அதிகாரி ஒருவர் துப்பாக்கிச் சூட்டுச் சம்பவத்துக்குப் பின் சமூகப்பணியாளர் ஒருவரிடம் ஆலோசனை பெற்றார். அந்தக் குறிப்புகளை நீதிமன்றம் கேட்டது. கொடுக்க மறுத்தார்கள். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், உரிமம் பெற்ற சமூகப்பணியாளரிடம் சிகிச்சையின்போது சொன்னதற்கு மனநல மருத்துவரிடம் சொன்னதைப் போலவே சட்டப் பாதுகாப்பு உண்டு என்று 1996-ல் தீர்ப்பானது. இந்தியாவில் தொழில்முறை ரகசியம் என்ற பாதுகாப்பு சாட்சியச் சட்டத்தில் வழக்கறிஞருக்கு இருக்கிறது. சமூகப்பணியாளருக்கு இல்லை. நீதிமன்றம் அழைத்தால் போய் நிற்க வேண்டும். கேட்டால் சொல்ல வேண்டும்.

நம் நாட்டில் இந்தப் படிப்பு 1936-லேயே மும்பையில் தொடங்கிவிட்டது. சென்னையில் 1952-ல் மேரி கிளப்வாலா ஜாதவ், மெட்ராஸ் ஸ்கூல் ஆஃப் சோஷியல் ஒர்க்கை ஆரம்பித்தார். இவ்வளவு காலம் ஆகியும், மருத்துவருக்கும் வழக்கறிஞருக்கும் இருப்பதைப் போல எல்லாச் சமூகப்பணியாளர்களுக்குமான தேசிய கவுன்சில் கிடையாது. எம்.ஃபில். முடித்த மனநல சமூகப்பணியாளரை 2017 மனநலப் பராமரிப்புச் சட்டம் வரையறுத்திருக்கிறது. 2021-ல் வந்த துணை மருத்துவத் தொழில்முறையாளர்கள் ஆணையச் சட்டத்தின் பட்டியலில் மருத்துவ, மனநல சமூகப்பணியாளர்கள் இடம்பெற்றிருக்கிறார்கள். மற்றவர்கள், அதாவது காப்பகத்தில், பள்ளியில், தொண்டு நிறுவனத்தில், தெருவோரப் பிள்ளைகளோடு வேலை செய்பவர்கள் எந்தப் பதிவேட்டிலும் இல்லை. தொழிலுக்கான அறநெறி விதிகளைச் சங்கங்கள் எழுதி வைத்திருக்கின்றன. மீறினால் கேட்கும் அதிகாரம் எந்தச் சங்கத்துக்கும் இல்லை. அதைவிட முக்கியம், கடைப்பிடித்ததற்காக வேலை போனால் காக்கும் அதிகாரமும் இல்லை.

இதை அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. ஒரு இல்லத்தில் தவறு நடந்தால் முதலில் தெரிந்துகொள்பவர் அங்கே ஒப்பந்தச் சம்பளத்தில் இருக்கும் இளம் பணியாளர். அவர் மேலே சொன்னால் வரும் பதில்கள் எல்லா ஊரிலும் ஒன்றுபோலத்தான்: “நம்ம டிரஸ்ட் பேரு என்ன ஆகும்?” “ஃபண்ட் நின்னுடும்மா.” “அவசரப்படாதே, முதல்ல நாமளே விசாரிப்போம்.” நாமே விசாரிப்பது என்ற ஒரு படி போக்சோ சட்டத்தில் கிடையாது. மகாராஷ்டிராவில் பழங்குடிச் சிறுமிகளின் பள்ளி விடுதிக் கொடுமை வழக்கில், தகவல் சொல்லாத மருத்துவர் மீதான வழக்கை உயர் நீதிமன்றம் ரத்து செய்திருந்தது. உச்ச நீதிமன்றம் 2022 நவம்பரில் அந்த வழக்கை மீண்டும் உயிர்ப்பித்தது. தெரிந்தும் சொல்லாதது கடுமையான குற்றம் என்று சொன்னது. இல்லங்களை நடத்தும் அறங்காவலர்கள் இந்தத் தீர்ப்பைப் படித்திருப்பார்களா?

தகவல் சொன்ன பணியாளரை மாற்றவோ நீக்கவோ கூடாது என்ற நிபந்தனையை, குழந்தைகள் இல்லங்களுக்குப் பதிவுச் சான்று தரும்போதே அரசு சேர்க்கலாம். புதிய சட்டம் தேவையில்லை. மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு மனது வைத்தால், ஒவ்வொரு இல்லத்திலும் யார் யாருக்கு எப்போது தகவல் சொல்ல வேண்டும் என்ற ஒரு பக்கத் தாளைத் தமிழில் ஒட்டிவைக்கச் செய்யலாம்.

தகவல் சொன்னதோடு கை கழுவிவிடும் பழக்கத்தையும் நாம் விட வேண்டும். 2020 போக்சோ விதிகளின்படி, விசாரணை முதல் தீர்ப்பு வரை பிள்ளையோடு இருக்க ஓர் ஆதரவு நபரைக் குழந்தைகள் நலக் குழு நியமிக்கலாம். ஓராண்டுக்குள் வழக்கை முடிக்க முயல வேண்டும் என்கிறது சட்டம். நடைமுறையில் இழுக்கிறது. சித்தப்பாவோ மாமாவோ குற்றவாளியாக இருக்கும் வீட்டில், அத்தனை நாளும் பாட்டி முதல் எல்லோரும் “சொன்னதை மாத்திச் சொல்லிடு கண்ணு” என்று அந்தப் பிள்ளையிடம் கெஞ்சிக்கொண்டிருப்பார்கள். வாய்தாவுக்கு வாய்தா கூடப் போகும் ஒரு ஆள் இருந்தால்தான் பிள்ளை தாக்குப்பிடிக்கும். அந்த ஆளுக்குப் பயணப்படியும் ஒழுங்கான ஊதியமும் கொடுப்பது அரசின் கடமை.

கடைசியாகக் கல்லூரிகளிடம் ஒரு கேள்வி. எம்.எஸ்.டபிள்யூ. மாணவர்களை வாரந்தோறும் களப்பணிக்கு அனுப்புகிறீர்கள். குடிசைப் பகுதியிலும் பள்ளியிலும் இல்லத்திலும் பிள்ளைகள் அவர்களை ‘அக்கா’, ‘அண்ணா’ என்று கூப்பிட்டு, வேறு யாரிடமும் சொல்லாததைச் சொல்கிறார்கள். 19-ம் பிரிவின் ‘எந்த நபரும்’ என்பதில் இருபத்தோரு வயது மாணவியும் அடக்கம். அன்று மாலை அவள் யாருக்குப் போன் செய்ய வேண்டும்? காவல் நிலையத்துக்கு அவளோடு எந்தப் பேராசிரியர் போவார்? அந்தப் பெயரும் எண்ணும், அவளைக் களத்துக்கு அனுப்பும் கடிதத்திலேயே இருக்க வேண்டும். அடுத்த பருவத்துக்கான கடிதங்கள் தயாராகும்போது இந்த ஒரு வரியைச் சேர்த்துவிடுங்கள்.